தனுஷ்கோடி ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் போகிறவர்கள் அநேகமாக எல்லாருமே தனுஷ்கோடிக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருகிறார்கள். மணலில் நிற்கும் இடிந்த சுவர்களில் ஒன்றைக் காட்டி, இதுதான் ஸ்டேஷன் என்று யாராவது சொல்வார்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். கேள்விகள் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். எங்கள் அப்பத்தா அந்த ஸ்டேஷன் வழியாகக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைக்கு, போய்த் திரும்பியவர், அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த இடத்தின்மேல் ஒரு பிடிப்பு உண்டு. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

அங்கே உண்மையிலேயே ரயில் போனதா? சுற்றி மணலும் கடலும்தானே இருக்கிறது?

போனது. அதுவும் ஏதோ ஒரு குட்டி ரயில் இல்லை, சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பும் போட் மெயில் அங்கேதான் போய் நின்றது. 1914 முதல், 1964 டிசம்பரில் புயல் வந்து ஊரையே அழிக்கும் வரை, ஐம்பது வருஷம். இப்போது நாம் ராமேஸ்வரத்தைக் கடைசி ஸ்டேஷனாகப் பார்த்துப் பழகிவிட்டதால் நம்புவது கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்குக் கணக்கே வேறு. பாம்பன் ஒரு ஜங்ஷன். அங்கே பாதை இரண்டாகப் பிரியும், ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. கொழும்பு போகிறவர்களுக்கான ரயில் ராமேஸ்வரம் ஊருக்குள் நுழையாமலே நேராகத் தனுஷ்கோடி போய்விடும். அதாவது ராமேஸ்வரம்தான் கிளைப்பாதை, தனுஷ்கோடி பிரதான பாதை.

இவ்வளவு தள்ளி, கடல் முனையில் ஏன் ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள்?

இலங்கைக்காகத்தான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1914-க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால் ரயிலில் தூத்துக்குடி வரை போய், அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். அந்தக் கடல் பயணம் நீளமானது, அலைமோதும், வாந்தி எடுத்தே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். தனுஷ்கோடிக்கும் மன்னார் தீவின் தலைமன்னாருக்கும் இடையில் இருப்பதோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான், இரண்டு மணி நேரம் சுமாருக்குக் கடந்துவிடலாம். இந்தக் குறுகிய இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அன்றைய தென்னிந்திய ரயில்வே கம்பெனி முடிவு செய்தது. அதற்கு முதலில் மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் நடுவில் இருக்கும் கடலைத் தாண்ட வேண்டும். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-லேயே தண்டவாளம் வந்துவிட்டது. சுமார் 2 கிலோமீட்டர் நீளப் பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. அதோடு சேர்ந்து தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அதே ஆண்டு ஓட ஆரம்பித்தது. அதே 1914-ல் இலங்கைப் பக்கமும் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை ரயில் பாதை போட்டு முடித்தார்கள். இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் நடந்த வேலை இது, தனுஷ்கோடியைத் தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும்.

கடல்மேல் பாலம் போட்டு ரயிலையே இலங்கைக்கு விட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

இல்லை. பாம்பன் பாலம் மண்டபத்தையும் பாம்பன் தீவையும் இணைப்பது, இரண்டுமே நம் நாட்டுக்குள் இருப்பவை. இலங்கை வரைக்கும், ராமர் பாலம் என்று நாம் சொல்லும் திட்டுகளின் மேலாகப் பாதை போடும் யோசனை ஒன்று இருந்தது, ஆனால் கைகூடவில்லை. கடைசியில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று முடிந்தது.

அப்படியே பாலம் போட்டிருந்தாலும் நம் ரயில் பெட்டி அந்தப் பக்கம் ஓடியிருக்காது. நம் பக்கம் மீட்டர் கேஜ், தண்டவாளத்துக்கு இடையே சரியாக 1 மீட்டர் அகலம். இலங்கையில் அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர்.

எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்பு வரை போகலாம் என்பது கதையா, நிஜமா?

நிஜம். இதைத்தான் நம்மில் பலர் நம்ப மறுக்கிறார்கள். எழும்பூரில் கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்கு டிக்கெட் கேட்டால் கொடுப்பார்கள், அதில் இந்த ரயில், கப்பல், அந்த ரயில் மூன்றும் அடக்கம். இரவு ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. சுங்கச் சோதனையும் உடல்நலச் சோதனையும் முடித்துக் கப்பல் ஏறிச் சாயங்காலம் தாண்டித் தலைமன்னார். அங்கே காத்திருக்கும் ரயிலில் தூங்கினால் மூன்றாம் நாள் காலை கொழும்பு. கப்பலுக்காக ஓடும் மெயில் ரயில் என்பதால்தான் போட் மெயில் என்ற பெயர், இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் சொல்வார்கள். எழும்பூர்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை இன்றைக்கும் பழைய ஆட்கள் போட் மெயில் என்றுதான் கூப்பிடுகிறார்கள், போட் போய் எத்தனையோ காலம் ஆகியும்.

ஆரம்பத்தில் ஓடிய நீராவிக் கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைசிராய்களின் பெயர்கள். பிறகு இர்வின், கோஷன் என்று இரண்டு பெரிய கப்பல்கள் வந்தன.

அந்தக் காலத்து டிக்கெட் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: விரல் நீளத்துக்குக் கெட்டியான அட்டை, அதில் அச்சடித்த ஊர்ப் பெயர், மிஷினில் விட்டுத் தேதி குத்திக் கொடுப்பார்கள். எங்கள் அப்பத்தா அதை முந்தானை முடிச்சில் முடிந்து, கப்பல் ஏறும் வரை அந்த முடிச்சைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதாகச் சொல்வார். பயணத்தைப் பற்றி என்ன கேட்டாலும் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முடிச்சுதான்.

யாரெல்லாம் இந்த வழியாகப் போனார்கள்?

வெள்ளைக்கார அதிகாரி, வியாபாரி, காசி–ராமேஸ்வரம் யாத்திரை வந்த வடநாட்டுக்காரர்கள், எல்லாரும்தான். தனுஷ்கோடிக் கடலில் நீராடினால்தான் காசி யாத்திரை நிறைவேறும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் கப்பலே ஏறாமல் ஸ்டேஷன் வரை மட்டும் வந்து குளித்துவிட்டுத் திரும்பியவர்களும் நிறைய.

ஆனால் அந்த பிளாட்பாரத்தை அதிகம் மிதித்த கால்கள் என்று பார்த்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் சனங்களுடையவைதான். ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் என்று எங்கெங்கிருந்தோ கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிவர, குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களை நேராகக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் ஒன்று இருந்தது. காலரா, பிளேக் மாதிரி நோய் எதுவும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று அங்கே சில நாட்கள் தங்க வைத்து, பரிசோதித்து, அப்புறம்தான் அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதற்கு அடையாளமாக எண் அடித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிவிடும் வழக்கமும் இருந்தது. அந்த ஊருக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் பெயர். பின்னாளில் இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதிகளையும் அதே இடத்தில்தான் தங்க வைத்தார்கள்.

தனுஷ்கோடி ஸ்டேஷனைப் பற்றிப் பேசுகிறவர்கள் புயலைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரே ஒரு இரவு புயல். அதற்கு முன்னால் ஐம்பது வருஷம், மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கி, முதல் முறையாகக் கடலைப் பார்த்து, ஏறலாமா வேண்டாமா என்று நின்றவர்கள் எத்தனை லட்சம் பேர்.

ஸ்டேஷனைச் சுற்றி ஊர் எப்படி இருந்தது?

சின்ன ஊர்தான், ஆனால் எல்லாம் இருந்தது. போஸ்ட் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில், பிள்ளையார் கோயில், சத்திரங்கள், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, கடைகள். மீனவர் குடிசைகள் அந்த ஊருக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன. பிடித்த மீனும் கருவாடும் ரயிலில் ஏறி உள்நாட்டுக்குப் போகும்.

ரயில் ஸ்டேஷனோடு நிற்காது, தண்டவாளம் கப்பல்துறை வரைக்கும் போகும். அங்கே இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண் கடல் என்பார்கள், பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல், எப்போதும் ஓர் இரைச்சல். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வீச ஆரம்பித்துவிட்டால் கதை மாறிவிடும், அமைதியாக இருந்த பக்கம்தான் பொங்கும். 1964 டிசம்பரில் கடல் எழும்பியபோது ஊருக்குப் பின்வாங்கி ஓட இடமே இல்லாமல் போனதற்கு இந்த ஒடுங்கிய மணல்திட்டுதான் காரணம்.

அப்துல் கலாம் சிறுவயதில் ரயிலிலிருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளை எடுத்தாராமே, அது இந்த ரயில்தானா?

ஆமாம், இந்தப் பாதைதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்தே பேப்பர் கட்டுகளை வெளியே எறிவார்களாம். ஊரில் பேப்பர் போடும் வேலையைப் பார்த்த உறவினருக்கு உதவியாக அவற்றைப் பொறுக்கியதுதான் தன் முதல் சம்பாத்தியம் என்று கலாமே சொல்லியிருக்கிறார்.

1964 டிசம்பர் 22 இரவு என்ன நடந்தது?

அந்தமானுக்குத் தெற்கே டிசம்பர் 17-ல் உருவான காற்றழுத்தத் தாழ்வு, 19-க்குள் கடும் புயலாகிவிட்டது. 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்று இரவு தனுஷ்கோடியை அடித்தது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் வரை போயிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அலை 7 மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரம்.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பாசஞ்சர், ஆறு பெட்டிகளோடு இரவு 11.55-க்குக் கிளம்பியது. அதற்குள் மழையும் காற்றும் பலமாகிவிட்டன. தனுஷ்கோடியை நெருங்கி, ஸ்டேஷனுக்கு இன்னும் சில நூறு கெஜம் இருக்கும்போது அலை வந்து ரயிலை மொத்தமாக மூடிவிட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

சிக்னல் தெரியாமல் டிரைவர் வண்டியை நிறுத்தினார், ரொம்ப நேரம் விசில் அடித்துப் பார்த்தார், பிறகு துணிந்து நகர்த்தினார் என்று ஒரு விவரிப்பு எல்லா இடத்திலும் ஓடுகிறது. படிக்கும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ரயிலில் இருந்து திரும்பி வந்து சொல்ல ஒருவரும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். தந்திக் கம்பி, டெலிபோன் எல்லாம் அறுந்து கிடந்ததால், ரயில் என்ன ஆனது என்ற தகவலே சென்னைத் தலைமையகத்துக்கு வந்து சேர இரண்டு நாள் ஆனது. மண்டபத்திலிருந்த ரயில்வேயின் கடல் போக்குவரத்து அதிகாரி கொடுத்த செய்தியை வைத்துத்தான் அறிவிப்பே வெளியிட்டார்கள்.

ரயிலில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே.

ரயில்வே கணக்கு: பயணிகள் 110, ஊழியர்கள் 5, மொத்தம் 115. இது டிக்கெட்டை வைத்துப் போட்ட கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் உண்டு, அதனால் உண்மையில் 200 வரை இருக்கலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ரயிலையும் ஊரையும் சேர்த்து அந்தப் புயலில் இறந்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தயவுசெய்து 115-ஐயும் 1,800-ஐயும் குழப்பி எழுதாதீர்கள், முதலாவது ரயில், இரண்டாவது முழுப் புயல்.

பாம்பன் பாலமும் அன்றைக்கே போய்விட்டதா?

பெரும்பகுதி போய்விட்டது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான 145 கர்டர்களில் 126-ஐக் கடல் கொண்டுபோய்விட்டது. நடுவில் கப்பலுக்குத் திறந்து வழிவிடும் தூக்குப்பாலம், ஷெர்சர் பாலம் என்பார்களே, அது மட்டும் அசையாமல் நின்றது. சரிசெய்யும் வேலை அப்போது 32 வயதே ஆகியிருந்த ஈ. ஸ்ரீதரன் கைக்கு வந்தது, பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன். ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள், மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். கடலுக்கு அடியில் கிடந்த கர்டர்களைத் தேடிப் பிடித்துத் தூக்கி மறுபடி பொருத்தி, 46 நாளில் ரயில் விட்டுவிட்டார்கள்.

46 நாளில் பாலத்தையே நிமிர்த்தியவர்கள், தனுஷ்கோடிக்கு மட்டும் ஏன் திரும்ப ரயில் விடவில்லை?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். புயல் ஸ்டேஷனை இடித்தது, சரி. ஆனால் அதை மூடியது புயல் இல்லை, அதற்குப் பின் மனிதர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவு தப்பு என்று சொல்ல வரவில்லை, அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன, ஆனால் முடிவு முடிவுதான்.

முதல் காரணம், நிலம். பாலத்தில் தூண்கள் நின்றன, மேலே இருந்ததைத்தான் கடல் கொண்டுபோனது, அதனால் திரும்ப ஏற்றி வைக்க முடிந்தது. தனுஷ்கோடிப் பாதையில் தண்டவாளம் உட்கார்ந்திருந்ததே மணலில். அந்த மணலையே கடல் இடம் மாற்றிவிட்டது, தென்கரையில் ஒரு பகுதி நீருக்குள் போயே போய்விட்டது. கப்பல்துறையும் காலி. பாதை போட்டாலும் போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை.

இரண்டாவது, ஆள் இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய மதராஸ் அரசு அறிவித்துவிட்டது. எஞ்சியவர்கள் ராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் போனார்கள்.

மூன்றாவது, பாலம் சரியானதும் ராமேஸ்வரம் வரைக்கும் ரயில் வந்துவிட்டது. கப்பலையும் அங்கிருந்தே விடலாம் என்று ஆனபோது, கிளைப்பாதையாக இருந்த ராமேஸ்வரம் பிரதான பாதை ஆகிவிட்டது. அதற்குமேல் தனுஷ்கோடிக்காக வாதாட ஊரில் ஒரு வாக்காளர்கூட இல்லை. கடைசிக் காரணம்தான் மற்றதைவிட வலுவானது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் இலங்கைக் கப்பல் என்ன ஆயிற்று?

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. இராமானுஜம் என்ற கப்பலைப் பெரியவர்கள் பலர் நினைவு வைத்திருப்பார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புயலுக்குச் சுமார் ஏழரை வாரம் முன்னால், 1964 அக்டோபர் 30-ல், இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. ஆக, தாத்தா பாட்டி தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் போனார்கள், பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோது இறங்கியது ராமேஸ்வரத்தில். போன வாசல் அதற்குள் கடலில் கிடந்தது. 1980-களின் முற்பகுதியில் இலங்கையில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்? எது ஸ்டேஷன், எது மற்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேனில்தான், மணலிலும் தண்ணீரிலுமாக ஆடி ஆடிப் போக வேண்டும், நான் முதல் தடவை அப்படித்தான் போனேன், தலை மேற்கூரையில் இடித்துக்கொண்டே வந்தது. 2017-லிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குத் தார் ரோடு இருக்கிறது. அதில் பாதி தூரத்தில் பழைய ஊர்.

போகிறவர்கள் நேராக அரிச்சல்முனைக்குப் போய்விட்டுத் திரும்பும் அவசரத்தில் பழைய ஊரில் பத்து நிமிஷம்தான் ஒதுக்குகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். எல்லாரும் படம் எடுக்கும் உயரமான, கூரையில்லாத கட்டடம் மாதா கோயில், அதை ஸ்டேஷன் என்று நினைத்துப் பதிவு போடுகிறவர்கள் அதிகம். ஸ்டேஷனில் மிஞ்சியிருப்பது வளைவுகளோடு நிற்கும் சில சுவர்த் துண்டுகள்தான், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் மிச்சம் தெரியும். கோயிலைவிட அடக்கமாக இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கோயில் சுவருக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாக, நட்சத்திரம் நட்சத்திரமாக, விரல் நுனி அளவுக்கு அச்சு பதிந்திருக்கும், ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளப் பூச்சிகளின் வீடுகள் அவை. கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடல் உப்புக்காற்றே அரித்துக்கொண்டிருக்கிறது. தொட்டாலே பொடி உதிர்கிறது, அதனால் மேலே ஏறி நிற்காதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள், நினைவுக்கு என்று ஒரு கல்லைக்கூட எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் இன்னும் இருபது வருஷத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. இருட்டுவதற்கு முன்பே திரும்பச் சொல்லிவிடுவார்கள், காலையிலேயே போவது நல்லது.

பேய் நகரம் என்கிறார்களே, ராத்திரியில் ரயில் சத்தம் கேட்குமாமே?

இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். வாழத் தகுதியில்லை என்று அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டுத் தொழில் பார்க்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்கும் அந்த மணலில் குடிதண்ணீர் எப்படி என்று கேட்டால், ஊற்றுத் தோண்டிக் காட்டுவார்கள். சில அடி ஆழம்தான், அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் சுரந்து நிற்கும். குனிந்து சிரட்டையால் மெதுவாகக் கோரிக் குடத்தில் ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் மணல் கலங்கிவிடும். ஒரு முறை எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார் ஓர் அக்கா. உப்பே இல்லை. கடல் இருபது முப்பது எட்டில் இரைந்துகொண்டிருக்கிறது, இது இனிக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று பேய்க்கதை பேசி வீடியோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மறுபடியும் ரயில் விடப் போகிறார்களா?

ராமேஸ்வரம்–தனுஷ்கோடி இடையே சுமார் 17 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச் 1-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார், மதிப்பீடு 208 கோடி ரூபாய். சுற்றுச்சூழலுக்கு ஆகாது என்று எதிர்ப்பு வந்தது, வேலை நகரவில்லை. பாம்பனில் மட்டும் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டுவிட்டது.

என் நிலைப்பாட்டைக் கேட்டால், எனக்கும் அந்த ரயிலில் போக ஆசைதான். ஆனால் 1964-ல் மணல் எப்படி நகர்ந்தது என்று படித்த பிறகு அந்தத் திட்டில் மறுபடி மேடு போட்டுத் தண்டவாளம் வைக்க மனம் ஒப்பவில்லை. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை இடிந்து கொண்டிருக்கும் ஸ்டேஷன் சுவர்களைக் காப்பாற்றச் செலவழித்தால் போதும்.

அந்தக் கரையில் தலைமன்னார் ஸ்டேஷன் என்ன ஆனது?

அதுவும் போரில் அழிந்தது, 1990-லிருந்து ரயில் இல்லை. பிறகு இந்திய நிறுவனமான இர்கான் அந்தப் பாதையைத் திரும்பப் போட்டுக்கொடுக்க, 2015 மார்ச் 14-ல் தலைமன்னார் துறை வரை மறுபடி ரயில் வந்தது. ஆக, 1914-ல் ஒன்றாகப் பிறந்த இரண்டு ஸ்டேஷன்களில் ஒன்று இன்றைக்கும் ஓடுகிறது. கொழும்பிலிருந்து தலைமன்னார் துறைக்கு டிக்கெட் எடுக்கலாம், இறங்கிக் கடலைப் பார்த்து நின்றால் எதிரே தனுஷ்கோடி இருக்கும் திசை.

எங்கள் வீட்டிலும் தாத்தா காலத்தில் இந்த வழியாகப் போனார்கள் என்று சொல்வார்கள். எதைத் தேட வேண்டும்?

முதலில் தாள்கள். பழைய பாஸ்போர்ட் அல்லது பயண அடையாளச் சீட்டு இருந்தால் அதில் தனுஷ்கோடி, தலைமன்னார் முத்திரை தேதியோடு இருக்கும். தோட்டத்துச் சீட்டுகள், பற்று எழுதிய துண்டு, அங்கிருந்து வந்த கடித உறைகள், தகர வில்லை, அட்டை டிக்கெட் எதுவானாலும் சரி. வீடு மாற்றும்போதும் போகிக்கும் முதலில் தீயில் போவது இவைதான், அதனால் டிரங்குப் பெட்டியைக் கொட்டும் முன் ஒரு தடவை பாருங்கள். கிடைத்ததை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லேமினேட் செய்ய வேண்டாம், பழைய தாள் அதில் பாழாகிவிடும்.

அதைவிட முக்கியம், வீட்டில் எண்பதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பயணத்தைச் சொல்லுங்கள் என்று மொட்டையாகக் கேட்டால் எதுவும் ஞாபகமில்லை என்பார்கள். கையில் என்ன கொண்டுபோனீர்கள், கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், யார் வாந்தி எடுத்தார்கள், தங்கச்சியை யார் தூக்கி வந்தது என்று கேளுங்கள். போனை ரெக்கார்டில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கள் அப்பத்தாவிடம் இதையெல்லாம் நான் கேட்டபோது அவர் பதில் சொல்வதற்கு முன் கை தானாகப் போய் முந்தானை நுனியைப் பிடித்தது.